போகாதை என்று சொல்ல ஒரு ஆள்

என் அண்ணையின் கை எங்கள் மினிபஸ்ஸின் ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் நுனிகளில் கார்பன் தாளின் நீலம். வெயில் இன்னும் ஏறவில்லை. நெல்லியடிச் சந்தியில் தேநீர்க்கடை அடுப்புப் புகையும் டீசல் புகையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைத்தன.

“மச்சான், போகாதை,” என்றார் அண்ணை. “ஆமி முகாமை விட்டு வெளிக்கிட்டிட்டுதாம். ஹெலிகொப்டரும் எழும்பியிருக்காம். என்ரை அரசாங்க பஸ் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டன்.”

சாரதி இருக்கையில் என் கணவர் இருந்தார். அவருடைய கண் பக்கக் கண்ணாடியில் இருந்தது. பின்னால் நின்ற திரவியத்தின் மினிபஸ் எங்களைத் தாண்டி முன்னுக்கு வர மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

நான் அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருந்தேன். மடியில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி. அதன் மூடி கிலுகிலுவென்று அடித்துக்கொண்டது. இயந்திரத்தின் அதிர்வு என்று முதலில் நினைத்தேன். இயந்திரம் அப்போது ஓடவே இல்லை.

ஒரு சொல்லில் பதில் கேட்டவர்

போன கிழமை இந்தப் பத்தியில், என் கணவர் மினிபஸ் ஓட்டிய காலத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். அதைப் படித்த ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். பொருளாதாரம் படிப்பித்து ஓய்வு பெற்றவராம்.

“அரசாங்கம் தன்ரை கையிலை வைச்சிருந்த தொழிலைத் தனியாருக்குத் திறந்துவிட்டது நல்லதோ, கெட்டதோ? நீங்கள் அனுபவிச்ச ஆள். ஒரு சொல்லிலை சொல்லுங்கோ பாப்பம்,” என்றார்.

ஒரு சொல் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது வல்லை வெளியில் நடந்த ஒரு காலை. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிவப்பு பஸ் வந்த கதை

அப்பாவின் இளமைக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் தனியார் பஸ்கள்தான் ஓடினவாம். பலகை அடித்த தட்டிவான்கள், கொம்பனி பஸ்கள். ஒரு கொம்பனியின் வண்டி மற்றதை முந்தினால் அடுத்த சந்தியில் சாரதிமார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடிபடுவார்களாம். பயணம் போகிற சனம் இறங்கி விலக்குப் பிடித்துவிட்டு மறுபடி ஏறுமாம். அப்பா அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். அம்மா சிரிக்க மாட்டா. அவவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் அப்படியான ஓட்டம் ஒன்றில் காலை இழந்தவர்.

பிறகு அரசாங்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. சிவப்பு பஸ்கள் வந்தன. நான் பாவாடை கட்டித் திரிந்த வயதில், கரவெட்டியில் எங்கள் வீட்டு வேலிக்கு அப்பால் விடியற் பஸ் போகிற சத்தம் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பா. அவ்வளவு ஒழுங்கு.

அந்த ஒழுங்கு மெல்லத் தேய்ந்தது. உடைந்த பஸ்ஸுக்குப் பாகம் வரவில்லை. வெயிலில் காத்து நிற்போம். தூரத்தில் சிவப்பு தெரியும். கிட்ட வரும்போது படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். நிற்காமலே போகும்.

பருத்தித்துறைக் கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களின் பாடு இன்னும் மோசம். அவர்களில் றீற்றா அக்கா என்று ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். உரத்த குரல், வெற்றிலைச் சிவப்பு வாய், கழுத்தில் கறுப்பு நூலில் சிலுவை. அவவின் பனையோலை மீன் கடகத்தைக் கண்டாலே அரசாங்க பஸ் கொண்டக்டர் கையை ஆட்டி விடுவார். “பஸ் நாறும், இறங்கு.” சனமும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவருக்கு ஒத்து ஊதும். றீற்றா அக்கா கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தனை தூரமும் நடப்பா.

எழுபதுகளின் கடைசியில் அரசாங்கம் கதவைத் திறந்தது. வான் வைத்திருப்பவர்கள் ஓட்டலாம் என்றார்கள்.

கூரையில் ஏறிய கடகங்கள்

என் கணவர் சிவபாதம் கொழும்பில் அரசாங்க பஸ் ஓட்டியவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். இனி அந்தப் பக்கம் திரும்பமாட்டேன் என்று விட்டார். ஜேர்மனிக்குப் போயிருந்த அவருடைய அண்ணன் உதவி செய்ய, ஒரு பழைய மினிபஸ் எங்கள் முற்றத்துக்கு வந்தது.

அது வந்த பிறகு அந்தத் தெருவில் நடந்ததை நான் மறைக்க மாட்டேன். அது ஒரு விடுதலை. கையைக் காட்டிய இடத்தில் பஸ் நின்றது. ஒரு பஸ் போய் மற்றது வருமட்டும் வெற்றிலை போட்டுத் துப்பக்கூட நேரம் இல்லை. புத்தூர்ப் பக்கத்து வெங்காயம் மூட்டையாகக் கூரையில் ஏறிப் பட்டணத்துச் சந்தைக்குப் போனது. பட்டணத்துக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்தாளர் வேலை எனக்குக் கிடைத்தும் போய்வர வழியில்லாமல் இருந்தது. இப்போது போய்வந்தேன்.

முதன்முதலாக றீற்றா அக்காவின் கடகத்தை இவரே தூக்கிக் கூரையில் வைத்துக் கட்டினார். அவ நம்பாமல் நின்றா.

“நானும் ஏறலாமோ தம்பி?”

“கடகம் மேலை போகுது, நீங்கள் ஏன் கீழை நிக்கிறியள்? ஏறுங்கோ.”

அவ ஏறி என் பக்கத்தில் இருந்தா. மூக்கைப் பொத்திய ஒருவரைத் திரும்பிப் பார்த்து, “மாஸ்டர், ராத்திரி என்ன கறி?” என்று கேட்டா. பஸ் முழுக்கச் சிரித்தது.

பயம் என் தலையில் விழுந்தது

என் ஒரே அண்ணை தருமலிங்கம் அரசாங்க பஸ் பகுதியில் ரைம்கீப்பர். நெல்லியடியில் ஒரு சின்னத் தகரக் கூண்டுக்குள் இருந்து, எந்த பஸ் எப்போது வெளிக்கிடும் என்று எழுதுவது அவர் வேலை. மழைக்காலத்தில் வல்லைப் பாலத்தடியில் வெள்ளம் ஏறினால், ஒரு பஸ்ஸும் போகக்கூடாது என்று மறிப்பதும் அவர்தான். பிறேக்கைப் பற்றி ஒரு சாரதி முறைப்பாடு சொன்னால் அந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்புவார். சனம் திட்டும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மினிபஸ்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. தொடக்கத்தில் பட்டணத்திலிருந்து வாகனம் பார்க்க ஒரு உத்தியோகத்தர் வந்துபோனார். தெருவில் கண்ணிவெடியும் சுற்றிவளைப்பும் தொடங்கிய பிறகு அவர் வரவில்லை. வராததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை எங்கள் வீட்டில் சாப்பிடுவார். சோற்றைப் பிசைந்தபடியே அவருக்கும் இவருக்கும் வாக்குவாதம் தொடங்கும்.

“உங்கடை பஸ்ஸுகளிலை பிறேக் பிடிக்குதோ எண்டு ஆர் பாக்கிறது?” என்பார் அண்ணை.

“உங்கடை பஸ்ஸுக்கு அந்தக் கவலையே இல்லை மச்சான். அது வெளிக்கிட்டால்தானே பிறேக் பிடிக்க.”

அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் விடமாட்டார். “நீயும் திரவியமும் வல்லையிலை ஓடுற ஓட்டத்தைப் பற்றிச் சனம் கதைக்குது.”

“சனம் கதைக்குதோ? அந்தச் சனம்தான் பின்னாலை இருந்து ‘விடாதை, விடாதை’ எண்டு கத்துது.”

அது உண்மை. திரவியம் துன்னாலைக்காரர். நல்ல மனிசன், ஆனால் பஸ்ஸில் ஏறினால் வேறு ஆள். முன்னால் போகிறவருக்குத்தான் வழியில் நிற்கிற சனம். பின்னால் போகிறவருக்குப் புழுதி. அதனால் இருவரும் ஓடினார்கள். கோப்பாயில் வளைவு, நீர்வேலியில் வளைவு. எங்கும் அடக்கி வைத்த ஓட்டத்தை வல்லை வெளியில் அவிழ்த்துவிடுவார்கள். இருபக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் மண்ணால் உயர்த்திய தெரு, ஒதுங்க ஒரு மரம் இல்லை. முனியப்பர் கோயிலைத் தாண்டும்போது மட்டும் இருவரும் வேகத்தைக் குறைத்து ஒரு கையால் கும்பிடுவார்கள். முனிக்கு இருந்த மரியாதை வேறொருவருக்கும் இல்லை.

நான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் தோல் தடித்துப்போனது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அண்ணை வாங்கியது நேரம் எழுதுவதற்கான சம்பளம் அல்ல. மற்ற எல்லாருக்காகவும் பயப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மினிபஸ்களில் அந்த வேலைக்கு ஆள் வைக்கவில்லை. சம்பளமில்லாமல் அது சாரதிமாரின் பெண்சாதிகள் தலையில் விழுந்தது.

நெல்லியடியில் அந்தக் காலை

எண்பத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. பனிக்காலம் முடிந்து வெயில் காயத் தொடங்கிய நாட்கள்.

அண்ணை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொன்னேன் அல்லவா? அவருடைய சிவப்பு பஸ்கள் வரிசையாக வெறுமையாக நின்றன. அவற்றிலிருந்து இறங்கிய சனம் எங்கள் பக்கம் வந்து ஏறிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னும் அண்ணை இரண்டொரு தடவை இப்படி மறித்திருக்கிறார். அந்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. மறித்தபடியால் நடக்கவில்லையா, நடக்க இருந்ததே இல்லையா என்று ஆருக்குத் தெரியும்? சனம் இரண்டாவதைத்தான் நம்பியது.

“தருமலிங்கத்தார் தும்மினாலும் பஸ்ஸை நிப்பாட்டுவார்,” என்றார் பின்னால் இருந்த ஒருவர். “எடு தம்பி, எடு. எனக்குக் கோட்டிலை வழக்கு.”

இன்னொருவருக்குச் சந்தையில் கொடுக்க வேண்டிய புகையிலை. ஒரு பள்ளிக்கூடப் பெடிச்சிக்குச் சோதினை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒன்றும் பொய்க்காரணம் இல்லை.

றீற்றா அக்கா கடகத்தோடு தெருவில் நின்றா. எங்கள் கூரை வெங்காய மூட்டையால் நிரம்பியிருந்தது. திரவியத்தின் கூரையில் இடம் இருந்தது.

“நிண்டு பாருங்கோவன் அக்கா,” என்றேன் நான் ஜன்னலால்.

“வெயில் ஏறினால் மீன் பொறுக்குமே பிள்ளை? அதுக்கு ஆமியும் தெரியாது, ஹெலியும் தெரியாது.” அவ திரவியத்தின் பஸ்ஸை நோக்கி நடந்தா.

திரவியம் எங்களைத் தாண்டி முன்னுக்கு வந்து ஹோர்ன் அடித்தார். அண்ணை அங்கே ஓடிப்போய் ஏதோ சொன்னார். திரவியம் சிரித்துத் தலையை ஆட்டியது தெரிந்தது. பஸ் புறப்பட்டது.

இவர் சாவியைத் திருப்பினார்.

“இஞ்சேருங்கோ,” என்றேன். “அண்ணை சும்மா சொல்லமாட்டார். வேண்டாம்.”

“திரவியம் போறான். நான் நிண்டால் நாளைக்கு ஒருத்தரும் என்ரை பஸ்ஸிலை ஏறாயினம். நீர் இறங்கி நில்லும், பேந்து வாறன்.”

அண்ணை கதவைத் திறந்தார். “பிள்ளை, நீயெண்டாலும் இறங்கு.”

நான் இறங்கவில்லை. அது துணிவு அல்ல. நான் உள்ளே இருந்தால் இவர் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார் என்று ஒரு கணக்கு. அண்ணையின் முகம் ஜன்னலில் பின்னுக்குப் போனது. மறுபடி ஜன்னலைப் பிடித்த கையைக் கடைசிவரை எடுக்காமல் கூடவே சில அடி ஓடி வந்தார்.

வல்லை வெளி

வெளிக்குள் இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து தலைமுடியைக் குலைத்தது. முன்னால் திரவியத்தின் பஸ் புழுதிக்குள் தெரிந்தது. கூரையில் றீற்றா அக்காவின் கடகம்.

இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அன்றைக்கு அது சனம் பிடிக்கிற ஓட்டம் அல்ல. வெளியைக் கெதியாகத் தாண்டிவிட வேண்டும் என்ற ஓட்டம். ஒருவரும் ‘விடாதை’ என்று கத்தவில்லை. வழக்குக்காரர் கூட ஜன்னலால் வானத்தைப் பார்த்தபடி வந்தார்.

சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை. கையில் பிடித்திருந்த கம்பியில் ஒரு புது அதிர்வு வந்தது. பிறகு தகரக் கூரை உறுமத் தொடங்கியது. பிறகுதான் காது கேட்டது.

“ஹெலி!”

அது தண்ணீருக்கு மேலால் பக்கவாட்டில் வந்தது. முதலில் ஒரு தும்பி அளவு. அடுத்த முறை பார்த்தபோது கதவுப் பக்கத்தில் இருக்கிற ஆளின் தலைக்கவசம் தெரிந்தது. ஒருவர் தேவாரம் சொல்லத் தொடங்கினார். முதலடியையே திரும்பத் திரும்பச் சொன்னார், இரண்டாமடி வாயில் வரவில்லை. சோதினைக்குப் போன பெடிச்சி என் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவளுடைய பல் அடிப்பது என் எலும்பில் தெரிந்தது.

ஹெலியின் நிழல் எங்கள் பஸ்ஸைக் குறுக்கே கடந்தது. ஒரு கணம் வெயில் இல்லை. பிறகு மறுபடியும் வெயில். இவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி அக்சிலேற்றரை இன்னும் அமத்தினார்.

அப்போது வெடிச்சத்தம் கேட்டது.

“சுடுறான்!” எல்லாரும் தலையைக் குனிந்தோம். நான் குனியும்போது முன்னால் பார்த்தேன். திரவியத்தின் பஸ் ஒரு பக்கம் சரிந்தது, மறுபக்கம் நிமிர்ந்தது, தெருவின் கரையைப் பிய்த்துக்கொண்டு புரண்டு தண்ணீருக்குள் போனது. கடகங்கள் பறந்தன. தெரு முழுக்க மீன்கள் சிதறி மினுங்கின.

“நிப்பாட்டாதை! விடு, விடு!” பஸ் முழுக்கக் கத்தியது. எங்கள் கொண்டக்டர் இவருடைய தோளைப் பிடித்து உலுப்பினார். “சிவபாதம் அண்ணை, விடு! திரும்பி வரப்போறான்!”

இவர் பிறேக்கை மிதித்தார். மீன்களுக்கு மேல் சறுக்கி, பஸ் ஒருக்களித்து நின்றது.

“எல்லாரும் இறங்கிப் படுங்கோ,” என்றார். சாரத்தை மடித்துக் கட்டியபடி தண்ணீருக்குள் ஓடினார்.

நானும் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. தண்ணீர் இடுப்பளவுதான், சேறு முழங்கால்வரை இழுத்தது. வானத்தைப் பார்க்கக்கூடாது என்று மட்டும் தீர்மானம் பண்ணிக்கொண்டேன். முதுகுத் தோல் முழுக்கக் கண்ணாகி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. வழக்குக்காரர் எனக்குப் பக்கத்தில் வேட்டியோடு தண்ணீருக்குள் நின்று ஜன்னல் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

றீற்றா அக்கா இருக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடந்தா. வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே. நான் அவவின் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

“கையைப் பிடியாதை பிள்ளை,” என்றா மிகவும் அமைதியாக. “அது ஆரோ ஒராளின்ரை கை மாதிரிக் கிடக்கு.”

ஹெலி திரும்பி வரவில்லை. அது சுடவும் இல்லை. வெடித்தது திரவியத்தின் பஸ்ஸின் முன் சக்கர ரயர். ஆனால் அது எங்களுக்கு அன்றைக்குப் பின்னேரம்தான் தெரியும். தண்ணீருக்குள் நின்ற அவ்வளவு நேரமும் ஹெலிக்காரர் இன்னும் ஒரு சுற்று வந்து எங்களை முடித்துவிட்டுத்தான் போவார்கள் என்று நம்பியே ஒவ்வொருவரையும் இழுத்தோம்.

ஒரு வயோதிபரும், பிள்ளைக்கு உடுப்பு வாங்கப் பட்டணம் போன ஒரு தாயும் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டார்கள். மற்றவர்களை எங்கள் பஸ்ஸில் கிடத்தினோம். இருக்கையில், நடுவில், படியில். எங்கள் பஸ்ஸில் வந்த சனம் தாங்களாகவே விலகி வெளியில் நடக்கத் தொடங்கியது. இவர் பஸ்ஸைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விட்டார். என் மடியில் திரவியத்தின் தலை. பிளந்த நெற்றியோடு அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: “அவங்கள் எத்தினை தரம் சுட்டவங்கள் அக்கா?”

வழுவழுப்பு

பின்னேரம் நாங்கள் வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி முற்றத்தில் அண்ணை காத்து நின்றார். சைக்கிளில் வந்திருக்கிறார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தொடவில்லை.

“நீ நிப்பாட்டி ஏத்திக்கொண்டு வந்தனி,” என்றார் இவரிடம். “என்ரை பஸ் எண்டால் பாதை மாத்த நான் டிப்போவுக்கு போன் எடுத்து, அவை ஆரையோ கேட்டு... அதுக்குள்ளை முடிஞ்சிருக்கும்.”

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையாகவே சொன்னாரோ தெரியாது. இவர் எங்கள் பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ரயரை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். அது பீங்கான் கோப்பை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

“திரவியத்தின்ரை இண்டைக்கு வெடிச்சுது,” என்றார் கடைசியில். “என்ரை வெடிக்கேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.”

சில நாட்களுக்குப் பிறகு நெல்லியடித் தேநீர்க்கடையில் மினிபஸ்காரர் எல்லாரும் கூடினார்கள். தலையில் கட்டோடு திரவியமும் வந்தார். அண்ணையைக் கூட்டிவந்து நடுவில் இருத்தினார்கள்.

“இனி எங்களுக்கும் நீங்கள்தான் சொல்லவேணும்,” என்றார் இவர்.

“உங்களுக்குச் சொல்ல எனக்கென்ன அதிகாரம்?”

“நாங்கள் தாறம்.”

திரவியம் குறுக்கிட்டார். “நீங்கள் போகாதை எண்டால் போகமாட்டம் அண்ணை. ஆனால் அரசாங்கப் பஸ் மாதிரி எங்களையும் படுக்கப் போட்டிடாதையுங்கோ.”

அன்றிலிருந்து அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் ரயர் பார்த்தார். தேய்ந்ததைக் கழற்றச் சொன்னார். “புது ரயருக்கு எங்கை போறது? சாமான் வாறதே இல்லை,” என்று ஒருவர் சண்டை பிடித்தார். சில பஸ்கள் முற்றத்தில் ஏறி நின்றுவிட்டன. சனம் மறுபடி தெருவோரத்தில் காத்திருந்தது, மறுபடி திட்டியது. றீற்றா அக்கா மடங்காத கையோடு மீண்டும் வந்தா. கடகத்தை இப்போது தங்கச்சிக்காரி சுமந்தா. இடம் கிடைக்காத நாட்களில் அவவும் அண்ணையைத் திட்டினா. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் என் வழக்கம்.

அந்த ஒழுங்கு அதிக காலம் நிலைக்கவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் டீசல் இல்லாமல் போனது. மண்ணெண்ணெயில் ஓடிய பஸ்ஸின் புகை தொண்டையில் நின்றது. தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுக்கப் போருக்குத் தப்பி நடையில் வெளிக்கிட்டபோது பஸ்ஸை ஒழுங்குபடுத்தவும் ஆள் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கு இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

புளியங்கொட்டை

ஒரு காலை அண்ணை மறித்தார். மறுபடி ஆமி அசைவு, மறுபடி ஹெலி. சிவப்பு பஸ், மினிபஸ் எல்லாம் நின்றன. சாரதிமார் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்கள். நானும் கந்தோருக்குப் போக வந்து அங்கே நின்றேன்.

அப்போது ஒரு மனிதர் சைக்கிளில் வந்தார். பின்னால் பெண்சாதி, அவவின் மடியில் மூன்று நான்கு வயதுப் பெண்குழந்தை. குழந்தை மூச்சை இழுக்கும்போதெல்லாம் மெல்லிய விசில் சத்தம் வந்தது. விளையாட்டில் புளியங்கொட்டையை விழுங்கி அது மூச்சுக் குழாயில் போய் இறுகிவிட்டதாம். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில்தான் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. தாய் நிற்கிற பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா.

இவர் எங்கள் பஸ்ஸில் ஏறி இருந்தார். சாவியைப் போட்டார். ஆனால் திருப்பவில்லை.

“மச்சான், நீங்கள்தான் சொல்லவேணும்,” என்றார். “போ எண்டாலும் சரி, நில் எண்டாலும் சரி.”

அண்ணை வல்லைப் பக்கம் பார்த்தார். ‘போ’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ‘போகாதை’ என்றும் வரவில்லை. விசில் சத்தம் இன்னும் மெலிந்துகொண்டு போனது.

அண்ணை கூண்டைப் பூட்டினார். நடந்துவந்து முன் கதவைத் திறந்து, இவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தார்.

“எடு,” என்றார்.

தாயும் தகப்பனும் குழந்தையோடு பின்னால் ஏறினார்கள். நான் ஒரு அடி முன்வைத்தேன். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன்.

பஸ்ஸுக்குள் இருந்து பயப்படுவது ஒன்று. வெளியில் நின்று பயப்படுவது வேறு. திரவியம் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். நான் இருக்கவில்லை. நடுவில் வல்லைப் பக்கமாக அந்த உறுமல் கேட்டது. தேநீர்க்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே பிடித்தபடி நின்றார். உறுமல் தேய்ந்து மறைந்தது. அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் மோசம்.

பின்னேரம், நிழல் நீண்ட பிறகு, பஸ் வந்தது. கண்ணாடி முழுசாக இருந்தது. இருவரும் முன்னால் இருந்தார்கள்.

“எடுத்திட்டினம்,” என்றார் அண்ணை இறங்கும்போதே. “பிள்ளை அழுதுது. நல்ல சத்தமா அழுதுது.”

சொல்லிவிட்டு அவர் அப்படியே பஸ் படியில் இருந்துவிட்டார். தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். திரவியம் கோப்பையைப் பிடித்துப் பருக்கினார்.

“வல்லையிலை ஹெலி நேரை வந்தது,” என்றார் அண்ணை. அவருடைய குரல் வெட்கப்பட்டது. “நான் கண்ணை மூடியிட்டன். மச்சான்தான் ஒரு பயமும் இல்லாமல் ஓட்டினவர்.”

இவர் சக்கரத்தில் சாய்ந்து நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நானும் மூடியிட்டன், மச்சான்,” என்றார்.

சந்தியில் நின்ற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. இவர் பகிடி விடுகிறபோது முகம் அப்படி இருக்காது.